ஜித்தா எவ்வளவு தூரம்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள். சுபுஹுத் தொழுகை முடிந்து பள்ளிவாசலின் படிகளில் இறங்கிக் கொண்டிருந்தேன். எதிர் வீதியிலிருந்து ஓர் இளைஞன் ஓடி வந்தான். மூச்சு வாங்க என் கையைப் பற்றிக்கொண்டு, "ஹஜ்ரத், நன்னிம்மா மவுத்தாயிட்டாங்க" என்றான். இன்னாலில்லாஹ் கூறியவாறு அவனுடன் நடந்தேன்.

எங்கள் அனுப்பர்பாளையத்தில் அந்த வீட்டை அறியாதவர் இல்லை. வீட்டுக்காரர் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டராக இருந்து காலமானவர். அம்மையாரோ தம் கையால் பிசிறு வெட்டியும் பண்டல் கட்டியும் மூன்று பெண் மக்களையும் ஓர் ஆண் மகனையும் வளர்த்தவர். அந்த ஒரே மகன் ஜித்தாவில் வேலை பார்த்து வந்தார். வீட்டினுள் நுழைந்ததும் பெண்மக்களின் அழுகைக்கிடையே எழுந்த முதல் வினா, "தம்பி எப்போது வரும்?" என்பதுதான்.

ஜமாஅத்தார் என் முகத்தைப் பார்த்தனர். மதரஸாவில் ஓதிக் கொடுப்பவன்; கல்லூரியிலும் படித்துப் பட்டம் பெற்றவன்; ஆதலால் எனக்கு எல்லாம் தெரியும் என்பது அவர்களது நம்பிக்கை. நானும் தயங்காமல் சொன்னேன்: "ஜித்தாவிலிருந்து சென்னைக்கு விமானத்தில் ஐந்தரை மணி நேரம்தான். காலையில் புறப்பட்டால் அஸருக்குள் சென்னை. அங்கிருந்து கோவைக்கு இன்னொரு விமானம். இஷாவுக்குள் வீடு வந்து சேர்ந்துவிடுவார். காத்திருக்கலாம்."

காத்திருந்தார்கள். லுஹர் கழிந்தது, அஸரும் கழிந்தது. மாலை 5 மணியளவில் ஜித்தா விமான நிலையத்திலிருந்து மகன் அழைத்தார். "இப்போதுதான் விமானத்தில் ஏறப் போகிறேன். நடுவில் ஓர் ஊரில் மாற வேண்டும். கொச்சி வந்து சேர விடியற்காலை 4 மணியாகும். அம்மாவை எனக்காக வைத்திருக்க வேண்டாம், எடுத்து விடுங்கள்." அவ்வளவுதான். மஃரிபுக்குப் பின் மய்யித்து கபரஸ்தானுக்குக் கொண்டு செல்லப்பட்டது.

மறுநாள் காலை 9.30 மணிக்கு அவர் வந்து சேர்ந்தார். கபுரருகே நின்று துஆச் செய்தார். திரும்பும்போது என்னிடம் மெல்லிய குரலில் ஒரு சொல் சொன்னார்: "ஹஜ்ரத், முதல் போனிலேயே என்னைக் கேட்டிருந்தால் ஒரு நாள் ஆகும் என்று சொல்லியிருப்பேனே! அக்காமார் பகலெல்லாம் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்களாம்."

ஜனாஸாவைத் தாமதப்படுத்தாமல் விரைந்து அடக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். அதை மிம்பரில் எடுத்துச் சொல்பவனே நான்தான். அப்படிப்பட்டவன் ஒரு தவறான கணக்கால் ஒரு மய்யித்தைப் பகல் முழுதும் காக்க வைத்தேன். ஐந்தரை மணி நேரம் என்று நான் சொன்னது பொய்யன்று. ஆனால் அது ஒரு பயணத்தின் நேரமன்று; ஒரு விமானத்தின் நேரம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அன்றுதான் கற்கத் தொடங்கினேன். கற்றதை இங்கே நம் சகோதர சகோதரிகளுடன் பகிர்ந்து கொள்கிறேன். மகனோ கணவரோ கடல் கடந்து இருக்கும் ஒவ்வொரு வீட்டிற்கும், ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ நிய்யத்து வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இது பயன்படும்.

செம்பும் நூலும்

இரு நகரங்களுக்கிடையே தூரம் எவ்வளவு என்பதை எப்படி அளப்பது? சுவரில் தொங்கும் தேசப்படத்தில் அடிக்கோலை வைத்து அளந்தால் விடை சரியாக வராது. பூமி உருண்டை, படமோ தட்டை. உருண்டையைத் தட்டையாக விரித்தால் எங்கேனும் ஓரிடத்தில் இழுபட்டே தீரும்.

எங்கள் ஊர் பித்தளைப் பாத்திரப் பட்டறைகளுக்குப் பெயர் பெற்றது. எனவே மதரஸாவுக்கு வரும் பிள்ளைகளிடம் ஓர் உருண்டையான பித்தளைச் செம்பைக் கொண்டுவரச் சொன்னேன். அதன் மேற்பாதியில், ஒரே உயரத்தில், ஒன்றுக்கொன்று விலகிய இரண்டு புள்ளிகளைச் சாக்பீஸால் இட்டேன். ஒரு நூலை இரு புள்ளிகளிலும் பிடித்து இறுக்கி இழுத்தேன். நூல் நேர்கிடையாகச் செல்லவில்லை. செம்பின் கழுத்தை நோக்கிச் சற்றே மேலேறி வளைந்து மறு புள்ளியில் இறங்கியது. பிள்ளைகள் வியந்தனர். உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி இதுதான். விமானங்கள் இயன்றவரை பின்பற்ற முயல்வதும் இந்த நூல் வழியையே.

இம்முறையில் கணக்கிட்டால் சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 4,450 கிலோமீட்டர். நம் திருப்பூருக்கும் புனித மக்காவுக்கும் இடையே ஏறத்தாழ 4,150 கிலோமீட்டர். தூரம் மட்டுமா கிடைக்கிறது? அந்த நூல் திருப்பூரிலிருந்து புறப்படும் திசை நேர் மேற்கன்று. மேற்கிலிருந்து வடக்கு நோக்கி ஏறத்தாழ 21 பாகை விலகிய திசை. ஆம், அதுவே நமது கிப்லா! நாம் நாள்தோறும் ஐவேளையும் முகம் திருப்பி நிற்பது மக்காவுக்குச் செல்லும் மிகக் குறுகிய வழியின் தொடக்கத்தை நோக்கியே.

இந்த உறவை முஸ்லிம் அறிஞர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்தார்கள். அபூ ரைஹான் அல்பிரூனி (973–1048) நகரங்களின் இருப்பிடத்தையும் அவற்றிடையே உள்ள தூரத்தையும் கணக்கிடுவதற்கென்றே ஒரு நூல் எழுதி 1025ஆம் ஆண்டில் முடித்தார். கஸ்னா நகரின் கிப்லாவைச் சரியாகக் காண்பது அந்நூலின் நோக்கங்களுள் ஒன்று. இன்றைய பாகிஸ்தானிலுள்ள நந்தனா என்னுமிடத்தில் ஒரு மலையின் மீது நின்று, தொடுவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்பதை அளந்து, அதிலிருந்து பூமியின் பருமனையே அவர் கணக்கிட்டார். விமானமும் செயற்கைக் கோளும் இல்லாத காலத்தில், தொழுகைக்கான திசையைத் தேடப் புகுந்த அறிவு பூமியை அளப்பதில் வந்து நின்றது.

நூலை மீண்டும் சென்னையில் வைத்து ஜித்தாவுக்கு இழுத்துப் பார்ப்போம். அது பெங்களூருக்குச் சற்று வடக்கே சென்று, கார்வார் அருகே கரையைத் தாண்டி, அரபிக் கடலின் மேல் நெடுந்தூரம் சென்று, ஓமன் நாட்டின் துக்ம் துறைமுகப் பகுதிக்கு அண்மையில் மீண்டும் நிலத்தைத் தொடுகிறது. பிறகு ரூபுல் காலி எனப்படும் மாபெரும் மணல் வெளி. அதன்பின் தாயிஃப் மலைகள். அதையடுத்து ஜித்தா. விமானங்கள் அந்தந்த நாட்டின் வான்வழி விதிகளுக்கு ஏற்ப இந்த நூலிலிருந்து இப்பாலும் அப்பாலும் விலகிச் செல்லும். ஆயினும் பொதுப்போக்கு இதுவே.

நகைப்புக்குரிய ஒன்றையும் இங்கே கவனிக்க வேண்டும். ஜித்தா நமக்கு மேற்கே இருக்கிறது. நாமோ விமானம் ஏறுவதற்காகக் கிழக்கே ஏறத்தாழ 450 கிலோமீட்டர் இரயிலில் சென்னைக்குச் செல்கிறோம். பிறகு வானத்தில் அதே தூரத்தைத் திரும்பக் கடக்கிறோம்! 2022ஆம் ஆண்டில் ஹஜ் புறப்பாட்டு நிலையங்களின் பட்டியலில் சென்னை இடம்பெறாததால் தமிழக ஹாஜிகள் கொச்சியிலிருந்து செல்ல நேர்ந்தது. மாநிலத்தின் பிற பகுதியினருக்கு அது பெருஞ்சிரமமாக இருந்தது உண்மை. 2023இல் சென்னை மீண்டும் சேர்க்கப்பட்டது. ஆனால் கொங்கு நாட்டாராகிய நமக்குக் கொச்சி நிலையம் சென்னையைவிட அருகில். அங்கிருந்து ஜித்தா ஏறத்தாழ 4,170 கிலோமீட்டர்தான்.

காற்றும் கணக்கில் உண்டு

தூரம் தெரிந்துவிட்டது. நேரம் எவ்வளவு? பெரிய பயணிகள் விமானம் தரையிலிருந்து 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு 850 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. 4,450ஐ 850ஆல் வகுத்தால் 5 மணி 14 நிமிடம் வருகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லவும், மேலேறவும், இறங்கி வரிசையில் காத்திருக்கவும் ஆகும் நேரத்தையும் கூட்டினால் ஏறத்தாழ ஐந்தரை மணி. பயணச் சீட்டில் அச்சிடப்படும் நேரமும், விமானம் தன் இடத்தை விட்டு நகரும் கணத்திலிருந்து சென்றடைந்த ஊரில் தன் இடத்தில் நிற்கும் கணம் வரையிலான நேரமே. சக்கரம் மண்ணை விட்டு எழும் கணத்திலிருந்து எண்ணப்படுவதன்று.

போக ஐந்தரை மணி என்றால் வரவும் ஐந்தரை மணிதானே என்று கேட்கலாம். இல்லை. ஆற்றில் நீரோட்டத்துடன் செல்லும் தோணியும் எதிர்த்துச் செல்லும் தோணியும் ஒரே நேரத்தில் சேருமா? வானத்திலும் ஆறுகள் உண்டு, அவை காற்றாறுகள். குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கும் அரபு நாட்டுக்கும் மேலே மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பலத்த காற்று வீசுகிறது. ஜித்தாவுக்குச் செல்லும்போது அது எதிர்க்காற்று, திரும்பும்போது துணைக்காற்று. அதனால் திரும்பும் பயணம் கால் மணி, அரை மணி குறைவது இயல்பு.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நிலைமை மாறுகிறது. அப்போது தென்னிந்தியாவின் மேல் வானில் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி ஒரு காற்றாறு ஓடுகிறது. 1950களில் அதனை ஆராய்ந்து உலகுக்கு விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். ஆக, தை மாதத்தில் உம்ராவுக்குச் செல்பவரும் ஆடி மாதத்தில் செல்பவரும் ஒரே ஊரிலிருந்து ஒரே ஊருக்குச் சென்றாலும் ஒரே நேரத்தில் சேர்வதில்லை.

காற்றின் வலிமைக்கு ஒரு சான்று. நியூயார்க்கிலிருந்து இலண்டனுக்கு வழக்கமாக ஆறரை முதல் ஏழு மணி நேரம் ஆகும். 2020 பிப்ரவரியில் ஒரு பெரும் புயலின் காற்று பின்னிருந்து தள்ளியதால் ஒரு ஜம்போ விமானம் அத்தூரத்தை 4 மணி 56 நிமிடத்தில் கடந்துவிட்டது!

காற்று மட்டுமல்ல, மனிதர்களின் பகையும் பயண நேரத்தை நீட்டும். 2019 பிப்ரவரி இறுதியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை பாகிஸ்தான் தன் வான்வழியை மூடியிருந்தது. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு மீண்டும் மூடியது. டெல்லியிலிருந்து மேற்கே செல்லும் விமானங்கள் அதனால் தெற்கே சுற்றிச் செல்ல நேர்ந்தது. சென்னையிலிருந்து ஜித்தா செல்லும் வழி அரபிக் கடலின் மேல் செல்வதால் அந்தச் சுற்று நமக்கு நேரவில்லை. ஆனால் 2025 ஜூனில் ஈரான்–இஸ்ரேல் போரின்போது வளைகுடா நாடுகள் சில தங்கள் வான்வெளியைச் சிறிது நேரம் மூடியபோது, அவ்வழியே மாறிச் செல்லும் பயணிகள் ஆங்காங்கே சிக்கித் தவித்தனர்.

இரண்டு கடிகாரங்கள்

வீட்டிலுள்ளோர் பெரிதும் குழம்புவது கடிகாரக் கணக்கில்தான். நம் கடிகாரம் சவூதிக் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. இங்கே காலை 6 மணி என்றால் அங்கே அதிகாலை 3.30. பயணச் சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படியும் அச்சிடப்படும்.

ஓர் எடுத்துக்காட்டு. சென்னையில் காலை 10 மணிக்குப் புறப்படும் விமானம் ஜித்தாவில் பகல் 1 மணிக்கு இறங்குகிறது எனச் சீட்டில் இருந்தால், மூன்றே மணி நேரம் என்று மகிழ வேண்டாம்; இரண்டரையைக் கூட்டுக. ஐந்தரை மணி நேரம். அதேபோல் ஜித்தாவில் மாலை 3 மணிக்குப் புறப்பட்டுச் சென்னையில் இரவு 10.45க்கு இறங்குகிறது எனில், ஏழே முக்கால் மணி நேரமாகிறதே என்று அஞ்ச வேண்டாம், இரண்டரையைக் கழிக்க. ஐந்தேகால் மணி நேரம். மேற்கே போனால் கூட்டு, கிழக்கே வந்தால் கழி. பிள்ளைகளுக்கு இதை மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

இந்த வேறுபாடு ஏன்? பூமி தன்னைத்தானே சுற்றிக்கொள்ள 24 மணி நேரம் ஆகிறது. 360 பாகையை 24ஆல் வகுத்தால் மணிக்கு 15 பாகை. அதாவது ஒரு பாகைக்கு 4 நிமிடம். சென்னைக்கும் ஜித்தாவுக்கும் கிழக்கு மேற்காக 41 பாகை வேறுபாடு. ஆகவே சூரியனின் கணக்குப்படி வேறுபாடு 2 மணி 44 நிமிடம். அரசுகள் வசதிக்காக அதை இரண்டரையாக வைத்திருக்கின்றன.

நோன்பு வைத்துக்கொண்டு பகலில் மேற்கே பறப்பவர் இதை அறிந்திருக்க வேண்டும். சூரியன் சாயும் திசையிலேயே அவரும் விரைவதால் அவருடைய பகல் நீளும். சென்னையில் ஸஹர் செய்து ஜித்தாவில் நோன்பு திறப்பவருக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் கூடுதலாகிறது. ஊரிலுள்ள வீட்டார் நோன்பு திறந்துவிட்டார்கள் என்பதற்காக அவர் திறக்க இயலாது. அவர் இருக்குமிடத்தில் சூரியன் மறைய வேண்டும். பயணிக்கு நோன்பை விட்டுப் பின்னர் நிறைவேற்றும் சலுகை இருப்பதையும் நினைவிற்கொள்க.

ஒரு நிமிடத்தில் 14 கிலோமீட்டர்

ஹஜ், உம்ராப் பயணிகளுக்கு விமான வேகம் இன்னொரு பொறுப்பையும் சுமத்துகிறது. மக்காவை நாடிச் செல்பவர் மீக்காத் எனும் எல்லையை இஹ்ராம் இன்றிக் கடக்கலாகாது. நம் முன்னோர் கப்பலில் சென்றார்கள். பம்பாயிலிருந்து ஜித்தாவுக்குக் கடல் வழி 2,300 கடல் மைல். அதாவது 4,200 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பழைய கப்பல்கள் அதைக் கடக்க 12 முதல் 15 நாட்கள் எடுத்துக்கொண்டன. கப்பல் செங்கடலில் நுழைந்து வடக்கு நோக்கிச் செல்கையில் யலம்லம் மலைக்கு நேராக வரும்போது இஹ்ராம் கட்டுவார்கள். கப்பல் மெல்லச் செல்லும். குளிக்கவும் தொழவும் உடை மாற்றவும் போதிய அவகாசம் இருந்தது. அந்தக் கப்பல் பயணம் 1995இல் நின்றுபோனது. 2018இல் அதனை மீண்டும் தொடங்குவது பற்றி இரு அரசுகளும் பேசின; புதிய கப்பல்கள் இரண்டு மூன்று நாட்களில் சென்றடையும் என்றும் அப்போது கூறப்பட்டது.

விமானத்தின் வழி வேறு. சற்று முன் நூலைப் பிடித்துப் பார்த்தோமே, அது ஜித்தாவை அடைவதற்கு முன் தாயிஃப் அருகிலுள்ள கர்னுல் மனாஸில் என்னும் மீக்காத்தின் பக்கமாகச் செல்கிறது. அங்கிருந்து ஜித்தா விமான நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 130 கிலோமீட்டர்தான். முழு வேகத்தில் பறக்கும் விமானம் ஒரு நிமிடத்தில் 14 கிலோமீட்டர் கடந்துவிடும்! அதாவது மீக்காத்தைத் தாண்டிய பிறகு தரையிறங்க ஏறத்தாழ 15, 20 நிமிடங்களே இருக்கும்.

"ஜித்தாவில் இறங்கி நிதானமாக உடை மாற்றிக் கொள்ளலாம்" என்று சிலர் எண்ணுகின்றனர். வேறு சிலர் அறிவிப்பு வரும்போது அயர்ந்து உறங்குகின்றனர். விழித்துப் பார்க்கும்போது எல்லை எங்கோ பின்னால் கிடக்கிறது. இஹ்ராம் இன்றிக் கடந்தவர் மீண்டும் மீக்காத்துக்குத் திரும்ப வேண்டும். அல்லது பரிகாரமாகக் குர்பானி கொடுக்க வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். ஆகவே புறப்படும் நிலையத்திலேயே இஹ்ராம் உடையை அணிந்துகொண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, விமானத்தில் அறிவிப்பு வந்தவுடன் நிய்யத்து வைத்துத் தல்பியா சொல்லத் தொடங்குவதே பாதுகாப்பானது. அறிவிப்பு காதில் விழாமற் போனால்? ஐந்தரை மணி நேரப் பயணத்தில் நான்கே முக்கால் மணி நேரம் கழிந்ததும் எழுந்து அமர்ந்து, நிய்யத்தை முன்னரே வைத்துவிடலாம். முந்தி வைப்பதில் தவறில்லை, பிந்துவதில்தான் இடர். இந்தியாவிலிருந்து முதற்கட்டமாகச் செல்லும் ஹஜ் விமானங்கள் நேரே மதீனா செல்வதும் உண்டு. அவ்வாறு செல்வோர் பின்னர் மதீனாவின் மீக்காத்தான துல் ஹுலைஃபாவில் இஹ்ராம் கட்டிக்கொள்வர்.

வாசலிலிருந்து வாசல் வரை

இனி என் பழைய பிழைக்கு வருகிறேன். அனுப்பர்பாளையத்து வீட்டு வாசலிலிருந்து மக்காவில் தங்குமிடத்தின் வாசல் வரை எத்தனை மணி நேரம்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். வீட்டிலிருந்து திருப்பூர் இரயில் நிலையம் சென்று வண்டிக்குக் காத்திருக்க 1 மணி. இரவு இரயிலில் சென்னை செல்ல 7 மணி. அங்கிருந்து விமான நிலையம் சேர 1½ மணி. விமானத்திற்கு முன் சோதனைகளும் காத்திருப்பும் 3½ மணி. விமானம் 5½ மணி. இறங்கிய பின் குடியேற்றச் சோதனையும் பெட்டிகளும் 2 மணி. மக்காவுக்குச் சாலை வழி 1½ மணி. ஆக 22 மணி நேரம். விமானத்தில் கழிவது அதில் நான்கில் ஒரு பங்கே!

2023 ஏப்ரலில் சென்னைக்கும் கோவைக்கும் இடையே வந்தே பாரத் இரயில் தொடங்கியது. அது முழுத் தூரத்தையும் ஏறத்தாழ 5 மணி 50 நிமிடத்தில் கடக்கும் வகையில் அமைக்கப்பட்டது. திருப்பூரிலும் நிற்கும் அந்த விரைவு வண்டியில் நாம் சென்னை செல்லும் நேரமும், சென்னையிலிருந்து ஜித்தா பறக்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்றே. தூரமோ பத்து மடங்கு! தூரத்தை நேரத்தால் அளக்க முடியாது என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

அந்த மகனின் பயணத்தையும் பின்னர் அவரிடமே கேட்டு எழுதி வைத்தேன். தாயின் மரணச் செய்தி அவருக்கு எட்டியது நம் நேரம் காலை 6 மணி, அங்கே 3.30. முதலாளி உறக்கத்தில். அன்றைய விதிப்படி, நாட்டை விட்டு வெளியேறித் திரும்பும் அனுமதிக்கு முதலாளியின் இசைவு வேண்டும். அலுவலகம் திறந்து அனுமதி கிடைக்கவே அங்கே முற்பகலாகிவிட்டது. சென்னைக்கு நேரடி விமானம் அன்று கிடைக்கவில்லை. மாறிச் செல்லும் விமானத்தில் மாலை 3 மணிக்கு, அதாவது நம் நேரம் 5.30க்குப் புறப்பட்டார். 3 மணி நேரப் பறப்பு. மூன்றரை மணி நேரம் காத்திருப்பு. மீண்டும் 4 மணி நேரப் பறப்பு. கொச்சியில் விடியற்காலை 4 மணி. வெளியே வர 1 மணி. காரில் ஊர் வந்து சேர நாலரை மணி. செய்தி கிடைத்ததிலிருந்து வாசலை மிதிக்க மொத்தம் 27½ மணி நேரம். அதில் வானத்தில் பறந்தது 7 மணி நேரம் மட்டுமே! எஞ்சிய இருபதரை மணி நேரத்தை நான் என் கணக்கில் சேர்க்கவே இல்லை.

2021 மார்ச் 14 முதல் சவூதியில் தொழிலாளர் விதிகள் தளர்த்தப்பட்டன. தனியார் நிறுவனத் தொழிலாளர்கள் வெளியேறித் திரும்பும் அனுமதிக்குத் தாமே இணைய வழியில் விண்ணப்பிக்கலாம் என்றாயிற்று. ஆனால் வீட்டு வேலைக்குச் சென்றோருக்கும் வீட்டு ஓட்டுநர்களுக்கும் அந்தச் சலுகை அப்போது அளிக்கப்படவில்லை. நம் பிள்ளை எந்த வகை விசாவில் சென்றிருக்கிறார் என்பதும் அவர் ஊர் வந்து சேரும் நேரத்தைத் தீர்மானிக்கிறது. இதைப் பெற்றோர் அறிந்து வைத்திருத்தல் நன்று.

ஆகவே சகோதர சகோதரிகளே, வெளிநாட்டிலிருப்பவர் எப்போது வருவார் என்ற வினா எழுந்தால் யாரும் தாமே விடை சொல்ல வேண்டாம். முதலில் அவரிடமே கேளுங்கள். நேரடி விமானமா, மாறி வருவதா? சொல்லும் நேரம் எந்த ஊர்க் கடிகாரத்தின்படி? அனுமதி கைக்கு வந்துவிட்டதா? எந்த நிலையத்தில் இறங்குகிறார்? இந்த நான்கு வினாக்களுக்கு விடை கிடைக்கும் வரை பயணத்தின் நேரம் யாருக்கும் தெரியாது என்பதே உண்மை.

இன்னொன்றும் உண்டு. சொல்லத் தயக்கமாக இருப்பினும் சொல்கிறேன். மகன் விடுமுறையில் வந்திருக்கும் நாட்களிலேயே பெற்றோர் அவனிடம் மனம் விட்டுப் பேசிவிட வேண்டும். "எனக்கு ஒன்று நேர்ந்தால் உனக்காகக் காத்திருக்க மாட்டார்கள், நீ அதற்காக வருந்தாதே, எங்கிருந்தாலும் எனக்காகத் துஆச் செய்" என்று தாய் ஒரு முறை சொல்லிவிட்டால், பின்னாளில் அந்த மகனின் நெஞ்சில் நிற்கும் பாரம் எவ்வளவு குறையும்! அக்கா தங்கையரும் வாசலைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்திருக்க வேண்டியதில்லை.

சென்ற ஆண்டு எங்கள் ஜமாஅத்தில் மற்றொரு பெரியவர் வஃபாத்தானார். அவருடைய மகனும் வளைகுடாவில்தான். என்னிடம் வந்து கேட்டார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. தொலைபேசியை எடுத்து மகனை அழைத்தேன். அவர் அழுதார். பிறகு, "அத்தா என்னிடம் முன்பே சொல்லியிருக்கிறார்கள், ஹஜ்ரத். காத்திருக்க வேண்டாம்" என்றார். லுஹருக்குள் அடக்கம் முடிந்தது. மூன்றாம் நாள் அவர் வந்து சேர்ந்தார். தாயின் கரத்தைப் பற்றி அமர்ந்தார். யாரும் யாரையும் குறை கூறவில்லை.

என் மேசையின் மீது அந்தப் பித்தளைச் செம்பும் நூலும் இன்றும் இருக்கின்றன. சாக்பீஸ் புள்ளிகள் அழிய அழியப் பிள்ளைகள் புதிதாக இட்டுக்கொள்கிறார்கள். ஒரு புள்ளி நம் ஊர். மற்றொன்று அவரவர் தந்தை இருக்கும் ஊர். நூலைப் பிடித்துத் தூரத்தை அளக்கிறார்கள். நூலில் அடங்காத தூரத்தையும் அவர்கள் அறிந்து வளர வேண்டும் என்பதே என் விருப்பம்.

பயணத்திலிருப்போர் அனைவரையும் அல்லாஹ் நலமுடன் அவரவர் வாசலில் கொண்டு சேர்ப்பானாக! ஆமீன்.